கரிஜினிக்குக் கிளம்பும் பெர்த் தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். ஜூலை விடுமுறை நெருங்கிவிட்டது. போன ஞாயிறு பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்றபோது, "இந்தத் தடவை கரிஜினி போறோம்" என்று மூன்று குடும்பங்கள் சொன்னார்கள். எங்கே தங்கலாம், எந்த வண்டி தோதுப்படும், எத்தனை நாள் போதும் என்று என்னிடம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லையே என்று உறுத்தியது. அதனால் இந்த மடல். அன்று நின்ற மூன்று குடும்பங்களுக்கு மட்டுமல்ல, இந்த ஊரிலிருந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே பில்பரா பகுதியில் தேசியப் பூங்காவாக இருக்கிற அந்தச் செம்மலைக்குப் போகப்போகிற நம்மவர் எல்லாருக்கும்தான்.

முதலில் ஒன்று. கட்டாயம் போங்கள். 1,400 கிலோமீட்டர் தூரம், இரண்டு நாள் ஓட்டம் என்று தயங்காதீர்கள். மவுண்ட் மேக்னட், மீக்கதாரா, நியூமன் என்று போகப்போக மண் சிவந்துகொண்டே வரும். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரிகள் எதிரே வரும்போது மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு ஓட்டாதீர்கள், கங்காருவும் மாடும் சாலைக்கு வந்துவிடும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

பூங்காவுக்குள் நுழைந்ததும் அருவி எதுவும் கண்ணில் படாது. ஸ்பினிஃபெக்ஸ் புல் மண்டிய சமவெளி, வெள்ளைத் தண்டு யூகலிப்டஸ் மரங்கள், ஆளுயரச் செம்புற்றுகள், இவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என் மனைவி கேட்டாள். வண்டியை நிறுத்தி நூறு அடி நடந்திருப்போம், தரை பிளந்து கிடந்தது. சில இடங்களில் அந்தப் பிளவு 100 மீட்டர் ஆழம். சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கியதுபோல் தகடு தகடாகச் செம்பாறை, அடியில் பச்சைத் தண்ணீர். மலை என்றால் அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் நாம். இங்கே மலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அப்போது இது கடலின் அடித்தளம். உலகத்துக் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன், தண்ணீரில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. ஒரு படிவு இரும்பு, ஒரு படிவு சிலிக்கா என்று மாறி மாறிப் படிந்ததுதான் இன்று நாம் கைவைத்து இறங்குகிற அந்தப் படிக்கட்டுப் பாறை. என் மகள் அதில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் முடியாமல் விட்டுவிட்டாள், அவள் முழங்கால் உயரம்கூட வரவில்லை.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிளவுகளை அங்கே கார்ஜ் என்பார்கள். டேல்ஸ் கார்ஜில் படியிறங்கினால் ஃபோர்டெஸ்க்யூ அருவி. ஆண்டு முழுக்க வற்றாமல் விழும் அருவி இது. அதற்கு மேலே அத்திமரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் ஃபெர்ன் பூல் என்ற சுனை வரும். அதன் சொந்தப் பெயர் ஜுபுரா. போகிற வழியில் மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். சுனையின் எதிர்க்கரையில் பாறை விளிம்பிலிருந்து இரண்டு மெல்லிய நீர்த்திரைகள் விழும், அவற்றுக்குப் பின்னால் பாறையில் பெரணி தழைத்துத் தொங்கும். இந்தப் பக்கம் ஒரு மரமேடையும், தண்ணீரில் இறங்க ஓர் ஏணியும் இருக்கும்.

போன ஜூலையில் நாங்கள் நான்கு குடும்பம், பதினாலு பேர் போனோம். ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் கூடவே வந்தது. நாங்கள் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பாட்டு, விசில், ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவது. என் மகனும் அவன் சிநேகிதர்களும் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி ஏறிக் குதித்தார்கள். குற்றாலத்தில் இருக்கிற நினைப்பு எங்களுக்கு.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான அம்மா, பேத்தி மாதிரி ஒரு சிறுமியோடு வந்தார். மேடையின் ஓரத்தில் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தார். வலது கையைத் தண்ணீரில் அமிழ்த்தி, அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார், யாரோடோ பேசுவதுபோல் இருந்தது. பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஏணியில் இறங்கித் தண்ணீருக்குள் போனது ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல், இலை விழுந்ததுபோல இருந்தது. அந்த அம்மா எங்களை ஒருமுறை பார்த்தார். முறைக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்துச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போதுதான், போகும்போது பார்த்தும் படிக்காமல் விட்ட பலகையை நின்று படித்தேன். இந்த இடம் இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு முக்கியமானது, அமைதியாகத் தண்ணீரில் இறங்குங்கள், கூச்சலிடாதீர்கள், குதிக்காதீர்கள் என்றுதான் இருந்தது. சாதாரண ஆங்கிலம். படிக்க அரை நிமிஷம் ஆகாது.

அன்றிரவு கூடாரத்தில் தூக்கம் வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஊரில் கோயில் குளத்தில் இறங்கும்போது என்ன செய்வார்கள்? குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டுதான் காலை வைப்பார்கள். என் அம்மாச்சி கிணற்றடியில்கூட அப்படித்தான் செய்வார். அந்த அம்மா செய்ததும் அதேதானே! இன்னும் பின்னால் போனால், சங்கப் பாட்டுக்காரர்களுக்கு மலைச்சுனை என்றாலே அதில் சூர் என்ற அச்சம் தரும் தெய்வம் குடியிருக்கும். அணங்கு என்ற வருத்தும் தெய்வம் இருக்கும் இடம், பார்த்துப் பதமாகப் போக வேண்டும் என்ற அச்சம் அந்தப் பாடல்களில் உண்டு. பில்பராவின் பூர்வகுடி மக்கள் ஆழமான சுனைகளில் பெரிய நீர்ப்பாம்பு குடியிருக்கிறது, ஆறுகளையும் சுனைகளையும் உண்டாக்கியதே அதுதான் என்கிறார்கள். கடல் கடந்து வந்து, நம் பாட்டன் பாட்டி புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஓர் இடத்துக்குப் போய், அவர்களுக்கும் சேர்த்துத் தலைகுனிவு தேடிவிட்டோமே என்று பட்டது.

இந்த மலைக்கு உரியவர்கள் பஞ்ஜிமா, யின்ஹவங்கா, குர்ராமா மக்கள். கரிஜினி என்பது ஹேமர்ஸ்லி மலைத்தொடருக்குப் பஞ்ஜிமா மக்கள் வைத்த பெயர். அந்தப் பெயரைப் பூங்காவுக்கு வைத்ததே 1991இல்தான், அதுவரை ஹேமர்ஸ்லி ரேஞ்ச் பூங்கா. பஞ்ஜிமா மக்களின் மண்ணுரிமையை நீதிமன்றம் 2014இல்தான் உறுதிசெய்தது. ஆயிரக்கணக்கான தலைமுறை வாழ்ந்த வீட்டை அவர்கள் வீடுதான் என்று சொல்ல இவ்வளவு காலம். அந்த வீட்டுக்குத்தான் நாம் விருந்தாளியாகப் போகிறோம். நான் உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: விருந்தாளியாகப் போங்கள். நம்மில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறத்தியார் வீட்டுப் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைகிற ஆட்கள் இல்லை நாம்.

ஆகவே, ஸ்பீக்கரைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பூங்காவில் நீச்சலடிக்க வேறு எத்தனையோ மடுக்கள் இருக்கின்றன, அங்கே பிள்ளைகள் கொஞ்சம் சிரித்து விளையாடட்டும். ஜுபுராவில் மட்டும் ஏணி வழியாக இறங்குங்கள். அருவிக்குப் பின்னால் இருக்கிற திட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள், நீர்த்திரை வழியாக வெளிச்சம் பச்சையாக ஆடும். கடைசி நாள் காலையில் என் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு நான் மறுபடி போனேன். அப்போதுதான் அந்த இடத்தின் சத்தமே காதில் விழுந்தது. தண்ணீரும் வௌவால்களும்தான். அவன் என்னைப் பார்த்து, அன்றைக்கு அந்தப் பாட்டி செய்தது மாதிரி கையை விட்டான். நான் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, எண்ணெயும் க்ரீமும். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது நமக்கெல்லாம் தெரியும். இத்தனைக்கும் அது சாரல் காலத்தில் பெருக்கெடுத்து ஓடும் அருவி. கரிஜினியின் சுனைகள் பல, பெருமழை வந்து அடித்துக்கொண்டு போனால்தான் புதுத் தண்ணீர் பார்க்கும். நம் உடம்பிலிருந்து கரையும் சன்ஸ்க்ரீனும் கொசு மருந்தும் அதுவரை அங்கேயேதான் கிடக்கும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். தண்ணீரில் இறங்கப்போகிற அன்று பூசிக்கொள்ளாமல் இருங்கள்.

அடுத்து, உயிர் சம்பந்தப்பட்டது. அம்மாக்களும் அப்பாக்களும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஹான்காக் கார்ஜுக்கு எல்லாரும் ஆசைப்படுவீர்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள்: இரண்டு பக்கச் சுவரிலும் கையையும் காலையும் ஊன்றிச் சிலந்திபோல நகர்ந்து போவார்களே, அது இங்கேதான். ஏணியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அந்த இடுக்கைத் தாண்டினால் கெர்மிட்ஸ் பூல் என்ற சின்ன மடு. அதோடு கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டாதீர்கள். கயிற்றுக்கு அப்பால் இருக்கும் மடுவின் பெயர் ரீகன்ஸ் பூல். 2004 ஏப்ரலில் அந்த மலையிடுக்கில் விழுந்து அடிபட்டவரைத் தூக்கிவரப் போன மீட்புக் குழுவை வெள்ளம் சூழ்ந்தது. அதில் உயிரைக் கொடுத்த தன்னார்வலர் ஜிம் ரீகனின் பெயர்தான் அது. ஆக்சர் முனையில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. நான்கு பிளவுகள் வந்து கூடுகிற அந்த முனையில் நின்று பாதாளத்தைப் படம் பிடிப்பதற்கு முன்னால், அந்த நினைவிடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர் சம்பளத்துக்குப் போனவர் இல்லை.

வெள்ளம் என்றால் தலைக்கு மேல் மழை கொட்டினால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். குளித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் காட்டு வெள்ளம் திடீரென்று இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. கரிஜினியிலும் அதேதான், இன்னும் மோசம். செம்பாறை தண்ணீரைக் குடிக்காது. எங்கேயோ தொலைவில் பெய்த மழை எல்லாம் வழிந்து இந்த ஒற்றையடி இடுக்குக்குள்தான் வந்து விழும். உள்ளே நிற்பவர்களுக்கு ஏறித் தப்ப இடமில்லை. மேகம் கருத்தாலோ, மழை வரும் என்று சொன்னாலோ கீழே இறங்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காம போறதா?" என்ற ஒரு வார்த்தைதான் இங்கே ஆளைக் கொல்லும். இறங்கியாயிற்று, தண்ணீர் கலங்குகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றன என்றால் படம் எடுக்க நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள்.

குளிரும் அப்படித்தான். பில்பரா என்றால் வெயில் என்றே நினைத்துப் போவோம். ஜூலையில் வெயிலே எட்டாத அந்த இடுக்குகளில் தண்ணீர் ஐஸ்போல இருக்கும். ஹான்காக்கில் ஐந்து நிமிஷத்தில் என் மகளுக்குப் பல் கிடுகிடுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பையன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். மாற்று உடுப்பும் துண்டும் தண்ணீர் புகாத பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஈரத்தில் பிடிக்கும் அடியுள்ள காலணி வேண்டும். சேலை, வேட்டி, துப்பட்டா எதுவும் அந்த ஏணிகளுக்கு ஆகாது. கைபேசி சிக்னல் அநேகமாகக் கிடைக்காது. எந்த கார்ஜுக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கூடாரத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டே போங்கள். வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் ஹான்காக், வீயானோ பக்கம் வேண்டாம். டேல்ஸின் மேல் விளிம்புப் பாதையில் நடந்தாலே அவர்கள் மனம் நிறைந்துவிடும்.

நீலக் கல்நார், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் செம்பாறை அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே நீலம் கலந்த நார்க்கோடுகள் தெரியும். பிள்ளைகள் பட்டுநூல் மாதிரி இருக்கிறதே என்று பிய்க்கப் பார்ப்பார்கள். தொடவிடாதீர்கள், கல்லைப் பெயர்க்கவிடாதீர்கள். அந்த நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போனால், முப்பது நாற்பது ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். பூங்காவுக்கு வடக்கே விட்டனூம் என்ற ஊர், அந்த நாரைத் தோண்டுவதற்காகவே பிறந்த ஊர். 1966இல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களிலும் வாழ்ந்தவர்களிலும் 2,000 பேருக்கு மேல் அதனால் இறந்துபோனார்கள் என்பது கணக்கு. 2007இல் ஊர் என்ற தகுதியையே அரசு எடுத்துவிட்டது, 2022இல் மொத்தமாக மூடச் சட்டம் போட்டது. தோண்டிக் கொட்டிய ஏறத்தாழ 30 லட்சம் டன் கழிவு இன்னமும் அந்தப் பள்ளத்தாக்கில் மலையாகக் கிடக்கிறது. "பேய் ஊர், ஒரு நடை பார்த்துட்டு வரலாம்" என்று வீடியோ பார்த்துவிட்டுச் சில தம்பிகள் சொன்னார்கள். வேண்டாம் தம்பி. இதே பூங்காவில் பல ஆண்டுகள் ரேஞ்சராக இருந்த பஞ்ஜிமா மூத்தவர் ஒருவர், அந்தச் சுரங்கத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர், மீசோதீலியோமா என்ற கல்நார்ப் புற்றுநோய் வந்து காலமானார். கழிவை அள்ளித் தங்கள் மண்ணைச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். இறந்தவர் பெயரைச் சொல்வது அந்த மக்களில் பலருக்கு மனவருத்தம் தரும் என்பதால் பெயரை எழுதவில்லை.

நம்மில் பலர் சுரங்க நிறுவனங்களில் வேலை செய்கிறோம். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று விமானம் ஏறி இறங்குகிறோம். என் வீட்டு உலையில் கொதிக்கும் அரிசியும் அந்த இரும்பில் வந்ததுதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் 2020 மே மாதம், கரிஜினிக்கு மேற்கே ஜூகன் கார்ஜில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருந்த பாறைக் குகைகளை ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடி வைத்துத் தகர்த்தபோது, அதற்கு அன்றைய சட்டத்தில் அனுமதி இருந்தது. அந்த மண்ணுக்குரியவர்களின் மன்றாட்டு எடுபடவில்லை. அந்த மண்ணில் சம்பாதிக்கிற நாம், அதே மக்கள் ஒரு சின்னச் சுனைக்கு முன்னால் பலகை வைத்து "சத்தம் போடாதீர்கள்" என்று கேட்பதையாவது காதில் வாங்க வேண்டாமா?

போனவுடன் முதலில் பார்வையாளர் மையத்துக்குப் போய்விடுங்கள். துருப்பிடித்த இரும்புத் தகட்டுச் சுவர்களால் கட்டிய கட்டடம், மேலிருந்து பார்த்தால் உடும்பு ஊர்ந்து போவதுபோல் அமைத்திருக்கிறார்கள். அன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அங்கே சொல்வார்கள். அந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லியிருக்கும் காட்சிக்கூடத்தைப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரமாவது பாருங்கள். நாங்கள் அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டோம். முதல் நாளே பார்த்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. தங்குவதற்கு வசதியிருந்தால் கரிஜினி ஈக்கோ ரிட்ரீட்டைப் பாருங்கள். பூர்வகுடிகளின் கூமாலா அமைப்புக்குச் சொந்தமான இடம் அது.

தமிழ் வகுப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய பிள்ளைகளுக்குச் சுனை, மடு, விடர் என்ற மூன்று சொற்களைப் படங்களோடு சொல்லித்தருவதாக இருக்கிறேன். போகப்போகிற வீட்டுப் பிள்ளைகளை அன்று தவறாமல் அனுப்பிவையுங்கள். ஜுபுராவில் எப்படி இறங்குவது என்பதை என் மகனே சொல்லிக்காட்டுகிறேன் என்கிறான்.

எங்களிடம் தண்ணீர் புகாத பைகள் நான்கும், பிள்ளைகள் அளவில் ஈரக்காலணி ஆறு ஜோடியும் இருக்கின்றன. வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் செம்மண் போகக் கழுவிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
போன ஜூலையில் போய்வந்த ஒருவன்